எந்தக் குளத்தில் நீந்தி வருவான் எம்பிள்ளை?

நீச்சல் வீரன் என்றால் தண்ணீரில் வேகமாகப் போகிறவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீரில் இறங்க அனுமதி உள்ளவன்தான் முதலில் நீச்சல் வீரன். வேகம், மூச்சு, ஸ்டாப்வாட்ச் எல்லாம் அதற்கு அப்புறம். இந்த அனுமதி பற்றி ஒரு வார்த்தை பேசாமல், 'நூறு கோடிக்கு மேல் ஜனம் இருந்தும் ஒலிம்பிக் நீச்சலில் ஏன் தேறவில்லை' என்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஒப்பாரி வைக்கிறார்களே, அவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. நம்ம இயக்கத் தோழர்கள் சிலரோடும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1994இல் தமிழ்நாடே ஒரு பையன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. குற்றாலீஸ்வரன். பன்னிரண்டு, பதின்மூன்று வயசு. அந்த ஒரே வருஷத்தில் பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய், இத்தாலியில் மெஸ்ஸினா உட்பட மூன்று நீர்ப்பரப்புகள், ஆஸ்திரேலியாவின் ராட்னெஸ்ட் கால்வாய் என்று ஆறு கடல்வழிகளை நீந்திக் கடந்தார். அதற்கு முன்னால் 1966இல் மிகிர் சென் ஒரே வருஷத்தில் ஐந்து கடந்திருந்தார். அந்தச் சாதனையை மீசை முளைக்காத இந்தப் பிள்ளை முறியடித்தது. 1996இல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். ஏரியில் குதிக்கிற பையனைப் பார்த்து, 'இன்னாடா, பெரிய குற்றாலீஸ்வரனாட்டம் குதிக்கிற' என்று கிண்டல் பண்ணுகிற அளவுக்கு அந்தப் பேர் எங்க பக்கத்துக் கிராமம் வரைக்கும் வந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? ஸ்பான்சர் கிடைக்கவில்லை. பத்திரிகைக்காரர்கள் போட்டோ எடுத்த கையோடு போய்விட்டார்கள். தொண்ணூறுகள் முடிவதற்குள் அவர் போட்டி நீச்சலை விட்டுவிட்டுப் படிப்பு, வேலை என்று கரையேறினார். உலகமே திரும்பிப் பார்த்த ஒரு சிறுவனின் நீச்சல் வாழ்க்கை, மற்ற நாட்டில் ஒரு வீரன் தொடங்குகிற வயசிலேயே முடிந்துபோனது.

நான் இங்கே அவருடைய சாதியைப் பேச வரவில்லை. அவர் கையும் காலும் செய்த உழைப்பு அவருடையது, அதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. நான் பேச வந்தது செலவுக் கணக்கு. ஆங்கிலக் கால்வாய் குறுகலான இடத்திலேயே 33 கிலோமீட்டருக்குக் குறையாது. அதை நீந்த வேண்டுமானால் கூடவே வழிகாட்டும் படகை வாடகைக்குப் பிடிக்க வேண்டும். படகில் கண்காணிப்பாளர் உட்கார்ந்திருப்பார். விமானச் செலவு, அங்கே தங்கி காற்றுக்கும் அலைக்கும் காத்துக் கிடக்கிற செலவு, பயிற்சியாளர் செலவு. எல்லாவற்றுக்கும் முன்னால், ஊரில் வருஷக்கணக்காக விடியற்காலையில் குளத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவர ஓர் ஆள். மகனுக்காக இவ்வளவும் சுமந்த ஒரு குடும்பத்துக்கே, நாடறிந்த பேர் வந்த பிறகும், தாக்குப்பிடிக்க முடியவில்லை. அப்படியானால் களத்துமேட்டில் கூலி வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு என்ன கதி? 'திறமை இருந்தால் யார் வேண்டுமானாலும் வரலாம்' என்று மைக் பிடிக்கிறவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசட்டும்.

கால்வாய் நீச்சலில் ஒரு விதி உண்டு. நீந்துகிறவன் படகைத் தொடக்கூடாது, படகில் இருக்கிற ஆளையும் தொடக்கூடாது. சாப்பாட்டைக் கூட நீட்டுகிற கழியிலிருந்தோ, கயிற்றில் விடுகிற புட்டியிலிருந்தோதான் வாங்கிக்கொள்ள வேண்டும். தொட்டால் ஆட்டம் போச்சு. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொடக்கூடாது என்பது அங்கே ஒரு நாள் போட்டிக்கான விதி. நமக்கு அது பிறந்த அன்றைக்கே போட்ட விதி. தண்ணீரை மேலேயிருந்து கையில் ஊற்றுகிற வித்தையை ஊர்த்தெருக்காரன் எந்தக் கால்வாய்ச் சங்கத்திலும் கற்றுக்கொள்ளவில்லை.

நான் திருத்தணிக்காரன். மலைமேலே முருகன். ஏறுவதற்கு 365 படி. அடிவாரத்தில் சரவணப் பொய்கை. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி வருகிறது. ஆந்திரா பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டும், வேலூர், காஞ்சிபுரம் பக்கமிருந்து தமிழ் பேசிக்கொண்டும் ஜனம் வந்து பொய்கையில் முழுகுகிறது. தெப்பத் திருவிழாவில் சாமியும் தண்ணீரில் சுற்றி வருகிறார். அந்த நெரிசலில் பக்கத்தில் முழுகுகிறவன் என்ன சாதி என்று எவனும் கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. ஆனா திருவிழா முடிஞ்சு, பஸ் ஏறி, அவனவன் ஊருக்குப் போயி, அவனவன் கெணத்துமேட்டுல நிக்கும்போது கேட்பான். பொய்கையில் ஒரு நாள் சமத்துவம், கிணற்றில் 364 நாள் தீட்டு. பக்தி இலக்கியம் படித்தவர்கள் அந்த ஒரு நாளைக் காட்டி நம்மை மயக்கப் பார்ப்பார்கள். மீதி நாளைப் பற்றிக் கேளுங்கள்.

இந்த ஊரை மீட்கப் பெரிய போராட்டம் நடந்தது. ம.பொ.சி. தலைமையில் எல்லைப் போராட்டம். சிறைக்குப் போனார்கள், ரயிலை மறித்தார்கள். கடைசியில் 1959ஆம் வருஷத்து எல்லை மாற்றச் சட்டப்படி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழ் மண் தமிழனுக்கு வந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். கொண்டாடட்டும். ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த எல்லையை அளக்க மட்டும் எந்த சர்வேயரும் சங்கிலி எடுத்துக்கொண்டு வரவில்லை. சித்தூர் ஜில்லாவில் இருந்தபோது எந்தக் கிணறு ஆகாதோ, சென்னை மாநிலத்துக்கு வந்த பிறகும் அதே கிணறு ஆகாது. தெலுங்கில் துரத்தினவன் தமிழில் துரத்தினான். அவ்வளவுதான் மொழிவாரி மாநிலம் எங்களுக்குத் தந்தது.

எங்க பக்கத்தில் பிள்ளைகள் நீச்சல் பழகுகிற விதம் எல்லோருக்கும் தெரியும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிடுவார்கள். இல்லாவிட்டால் லாரி டயர் டியூப். மழைக்காலத்தில் ஏரிக்கடை, நந்தி ஆற்றில் தண்ணீர் வந்தால் ஆறு. இப்போது கைவிட்ட கல்குவாரிப் பள்ளம், சவுட்டு மண் தோண்டிய குழி. நல்ல ஆழமான, தெளிந்த தண்ணீர் இருக்கிற இடம் பம்புசெட்டுக் கிணறு. அது நிலம் இருக்கிறவனுடையது. நிலம் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

எங்க நைனா அந்த மாதிரிக் கிணறுகளில் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறார். வெட்டுகிறபோது இறங்கினார், தூர் வாரும்போது இறங்கினார், மோட்டார் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டால் மூச்சடக்கி முங்கி எடுத்துக் கொடுத்தார். அப்பல்லாம் தீட்டு இல்ல. அதே கெணத்துல வெயில் நேரத்துல நாங்க பசங்க குதிச்சா தீட்டு. 'டேய், தண்ணி கெட்டுப்போச்சுடா' என்று கல்லால் அடிப்பார்கள், கரையில் கழற்றி வைத்த துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அம்மணமாய் சேரி வரைக்கும் ஓடி வர வேண்டும். வேலைக்கு இறங்கின உடம்பும் விளையாட்டுக்கு இறங்கின உடம்பும் ஒரே சாதி உடம்புதானே? தண்ணீருக்கு எப்படி வித்தியாசம் தெரிந்தது? நாம் தண்ணீரில் சந்தோஷமாக இருப்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. தீட்டு என்று அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள்.

இது பழைய காலத்துக் கதை என்று யாராவது சொன்னால், 2018 ஜூனில் மகாராஷ்டிரம் ஜல்காவ் மாவட்டத்து வாகடி கிராமத்தைக் காட்டுங்கள். கிணற்றில் நீந்தியதற்காக தலித் சிறுவர்களை அம்மணமாக்கி அடித்ததை செல்போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படம் வெளியே வந்ததால்தான் நாட்டுக்குத் தெரிந்தது. நம்ம தமிழ்நாட்டில், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருஷம் விசாரித்து, 2025 ஜனவரியில் அந்த ஊர் ஆட்கள் மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டார்கள். அதை அந்த மக்கள் ஏற்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1924லேயே சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அரசாணையும் வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆவது பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பேர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. எந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்துக்காவது குளிக்கும் துறையைப் பற்றி எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்குமா? இங்கே இருந்தது. 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், தொட்டி, குழாய், குளிக்கும் துறை என்று மறுபடியும் பட்டியல் போட்டார்கள். ஒரே தண்ணீரை நூறு வருஷமாகத் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள் என்றால், அது திறக்கவே இல்லை என்று அர்த்தம்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். தலித்துகள் விளையாட்டில் இல்லையா? இருக்கிறார்கள். வடசென்னைக்குப் போய்ப் பாருங்கள். கால்பந்து, குத்துச்சண்டை, கேரம் என்று தெருவுக்குத் தெரு வீரர்கள். ஏன் இந்த விளையாட்டுகள்? தெருவும் மைதானமும் கொஞ்சமாவது கைக்குக் கிடைத்தன. கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலுவை எடுத்துக்கொள்ளுங்கள். தீண்டப்படாத சாதியில் பிறந்து, புனாவில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டுகிற வேலையில் தொடங்கியவர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். சாதி இந்துக்கள் அவருடைய பந்துவீச்சை ஏற்றுக்கொண்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனி மண்குவளையில் டீ.

இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். பந்தைத் தொட்டுக்கொள்ளலாம், டீயைச் சேர்ந்து குடிக்கக்கூடாது. பந்து காய்ந்த பொருள், துடைத்துக்கொள்ளலாம். ஈரத்தில்தான் தீட்டு ஒட்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். அப்படியானால் நீச்சல் குளம் என்ன? நூறு பேர் ஒரே டீக்குள் இறங்குகிற மாதிரி. ஒருத்தன் வாயில் போன தண்ணீர் இன்னொருத்தன் வாயில் போகும். சாதி அமைப்பு மற்ற எந்த விளையாட்டைவிடவும் நீச்சலுக்கு அதிகமாகப் பயப்படும் என்று இதிலிருந்தே தெரிகிறது. நகரத்துக் கிளப் குளத்தில் சாதி கேட்டு போர்டு மாட்டவில்லை. மாட்ட வேண்டிய அவசியம் இல்லை. மெம்பர்ஷிப், மாசக் கட்டணம், சிபாரிசு என்று மூன்று வாசல் வைத்தால் போதும். மூன்றாவது வாசல் தாண்டுவதற்குள் நம்மாள் தானாகவே திரும்பி வந்துவிடுவான்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1964 ஜூன் 18ஆம் தேதி ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் என்ற ஊரில், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் இறங்கினார்கள். ஓட்டல்காரர் குளத்தில் ஆசிட்டை ஊற்றினார். மிசிசிப்பியில் ஜாக்சன் நகராட்சி, கறுப்பரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கோர்ட்டு சொன்னதும் பொதுக் குளங்களை நடத்துவதையே நிறுத்திவிட்டது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அங்கே குளத்தை மூடினார்கள். இங்கே 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் மகாத் சவதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகு, 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். ஆசிட்டுக்குப் பதில் மாட்டு மூத்திரம். இரண்டுக்கும் பின்னால் இருக்கிற புத்தி ஒன்றே.

குளத்தை மூடினால் என்ன ஆகும்? அதற்கும் அமெரிக்காவிலிருந்தே கணக்கு இருக்கிறது. 5 முதல் 19 வயது வரையிலான கறுப்புப் பிள்ளைகள் நீச்சல் குளத்தில் மூழ்கிச் சாகிற விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைவிட ஐந்தரை மடங்கு என்று 2014இல் அந்த நாட்டு அரசு நோய்த் தடுப்பு மையமே எழுதியது. இறங்கவிடாதே, கற்றுக்கொடுக்காதே, பிறகு 'இவர்களுக்கு நீந்த வராது' என்று சொல். 1987இல் ஒரு பெரிய பேஸ்பால் அணியின் நிர்வாகி ஆல் கம்பானிஸ் தொலைக்காட்சியில் இதையே சொன்னார். கறுப்பர்கள் நல்ல நீச்சல்காரர்களாக இல்லாததற்கு, அவர்கள் உடம்புக்கு மிதக்கும் தன்மை இல்லாததுதான் காரணம் என்றார். வேலை போனது.

அடுத்த வருஷமே, 1988 சியோல் ஒலிம்பிக்கில், சுரினாம் என்கிற சின்னஞ்சிறு நாட்டிலிருந்து வந்த அந்தோணி நெஸ்டி 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அமெரிக்காவின் மேட் பியாண்டியைத் தோற்கடித்தார். 53.00 விநாடி, 53.01 விநாடி. நூறில் ஒரு விநாடி வித்தியாசம். நீச்சலில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பர் அவர். பிறகு பயிற்சியாளராகி, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் நீச்சல் அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக நின்றார். 2016 ரியோவில் சிமோன் மானுவல் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கினார், கறுப்புப் பெண்களில் தனிநபர் நீச்சல் தங்கம் முதலில் அவருக்கு. கறுப்பு உடம்பு மிதக்காது என்றவனின் வாயை அவர்கள் தண்ணீருக்குள்ளிருந்தே அடைத்தார்கள். நமக்கு அப்படி அடைக்க ஒரு ஆள் இன்னும் வரவில்லை.

நம்ம உடம்புக்குத் தண்ணீர் ஒத்துவராது என்று இங்கே யாரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அவசரத்துக்கு அந்த உடம்புதானே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது! எவனாவது கிணற்றில் விழுந்து செத்துப்போனால் பிணம் எடுக்க சேரிக்கு ஆள் வரும். 'எப்பா, ஒங்க ஆளுங்கதான் நல்லா முங்குவாங்க, கொஞ்சம் வா' என்பார்கள். அன்றைக்கு மரியாதை, அன்றைக்கு ஒரு குவார்ட்டர். மலக்குழியும் அப்படித்தான். 2013இல் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து புதுச் சட்டம் வந்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு அப்புறமும் ஆளை இறக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பாதாளச் சாக்கடையில் செத்தவர்கள் பற்றி நாடாளுமன்றத்தில் கொடுக்கிற கணக்கில் தமிழ்நாட்டின் பேர் முதல் வரிசையில் நிற்கிறது. இந்த நாட்டில் மூச்சடக்கி முங்குவதில் தலித்துக்கு மறைமுகமாக நூறு சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. மலத்தண்ணீரில் முங்க நாம் தகுதி, குளோரின் தண்ணீரில் நீந்தத் தகுதியில்லை.

'விளையாட்டில் எதற்கு சாதியை இழுக்கிறீர்கள்' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விளையாட்டு என்பது வெறும் மெடல் இல்லை. வேலை, பதவி, படிப்பு. ரயில்வே, ராணுவம், போலீஸ், பொதுத்துறை எல்லாவற்றிலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், மருத்துவப் படிப்பிலும் இருக்கிறது. 2010 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய வீர்தவல் காடேவுக்கு மகாராஷ்டிர அரசு தாசில்தார் பதவி கொடுத்தது. கொடுக்க வேண்டியதுதான், இருபத்துநாலு வருஷம் கழித்து ஆசிய விளையாட்டு நீச்சலில் நாட்டுக்கு வந்த பதக்கம். ஆனால் நாம் சாதிச் சான்றிதழுக்காகக் கால்கடுக்க நிற்கிறோமே, அதே தாசில்தார் நாற்காலி! நமக்குக் கிடைக்கிற ஒதுக்கீட்டைப் பார்த்துத் 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று கூவுகிற ஒருத்தராவது விளையாட்டு ஒதுக்கீட்டை எதிர்த்துக் கூவியிருக்கிறாரா? கூவமாட்டார். நீச்சல், டென்னிஸ், துப்பாக்கி சுடுதல் மாதிரி விளையாட்டுகளில் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று அவருக்குத் தெரியும். குளம் இருக்கிறவனுக்கு, துப்பாக்கி வாங்கக் காசு இருக்கிறவனுக்கு.

இந்தியாவின் நீச்சல் கணக்கையே எடுத்துப் பாருங்கள். 1951 டில்லி ஆசிய விளையாட்டில் சச்சின் நாக் 100 மீட்டரில் தங்கம். 1986 சியோலில் கஜான் சிங் வெள்ளி. 2010இல் காடே வெண்கலம், 2014இல் சந்தீப் செஜ்வால் வெண்கலம். ஒலிம்பிக் நீச்சலில் இறுதிப் போட்டிக்கு, 2024 பாரிஸ் வரைக்கும், ஒரு இந்தியரும் போனதில்லை. ஏரி, குளம், ஆறு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள நாடு இது. பாக் நீரிணையை முதலில் நீந்திக் கடந்தது ஈழத்துத் தொண்டைமானாற்று நவரத்தினசாமி, 1954இல். கடலையே வீடாக வைத்திருக்கிற மீனவச் சனம் இந்தப் பக்கமும் இருக்கிறது, அந்தப் பக்கமும் இருக்கிறது. நீந்தத் தெரிந்த ஜனத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நீச்சலில் மெடல் வேண்டும் என்று அழுகிற நாடு இது.

விதிவிலக்காக மேலே வந்தவர்களை யார் தூக்கிவிட்டார்கள் என்றும் பாருங்கள். 1965 போரில் குண்டடிபட்ட ராணுவச் சிப்பாய் முரளிகாந்த் பெட்கர் 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். ராணுவ ஆஸ்பத்திரி அவரைத் தண்ணீரில் இறக்கியது. சஜன் பிரகாஷின் அம்மா நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்த தடகள வீராங்கனை. அந்த நகரியத்துக் குளத்தில் பழகின பையன் 2021இல் ரோமில் 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 1 நிமிடம் 56.38 விநாடியில் முடித்து, ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானார். பொதுத்துறை ஒரு குளம் கட்டினால், தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் அதில் இடம் இருந்தால், அங்கிருந்து ஒலிம்பிக் வரைக்கும் பாதை போகிறது. நான் கேட்பது அதிசயம் எதுவும் இல்லை.

இனி நம்ம தோழர்களோடு சண்டை. 'சோத்துக்கே வழியில்லாத ஜனத்துக்கு நீச்சல் குளமா? நிலம் கேளு, கூலி கேளு, பாதை கேளு. இது பணக்காரன் சோக்கு' என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். கை தட்டலும் வாங்குகிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: பாபாசாகேப் தன்னுடைய முதல் பெரிய போராட்டத்தை எதற்காக நடத்தினார்? மகாதில் அவர் கூட்டிப்போன ஜனம் அன்றைக்குத் தாகத்தால் சாகிற நிலையில் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் செத்துவிடமாட்டோம், நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் குளத்துக்குப் போகிறோம் என்பதே அவர் பேச்சின் சாரம். அப்படியானால் குளம் எப்படி சோக்காகும்? நமக்கு உயிர் பிழைக்கிற அளவுக்கு மட்டும் கேட்க வேண்டும், சந்தோஷத்தைக் கேட்கக்கூடாது என்று கெணத்துமேட்டில் கல்லெறிந்தவன் நினைத்தான். நம்ம தோழரும் அதையே சொன்னால் என்ன செய்வது?

உயிர் பிழைக்கிற கணக்கில் பார்த்தாலும் இது அவசரம். இந்தியாவில் வருஷத்துக்கு முப்பதாயிரம் பேருக்கு மேல் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள். கோடை விடுமுறையில் பேப்பரைத் திறந்தால் 'கல்குவாரியில் குளித்த சிறுவர்கள் பலி' என்று ஒரு மூலையில் போட்டிருக்கும். வேலி போட்ட குளமும், விசில் ஊதுகிற ஆளும், இழுத்துப்போட ஒரு டியூபும் இருந்திருந்தால் அதில் எத்தனை பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும்? பணக்காரன் பிள்ளை மாசக் கட்டணம் கட்டிய குளத்தில் நீந்துகிறது, நம்ம பிள்ளை குவாரிப் பள்ளத்தில் நீந்துகிறது. இரண்டு பேருக்கும் தண்ணீரில் இறங்கும் ஆசை ஒன்றுதான்.

சென்னை வேளச்சேரியில் அரசாங்கம் 1995 தெற்காசிய விளையாட்டுக்காக நீச்சல் வளாகம் கட்டியது. நல்ல குளம். திருத்தணியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். போட்டி நீச்சலுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடக்க வேண்டும். எங்க ஊர்ப் பிள்ளை எந்த ரயிலைப் பிடித்து விடியற்காலை ஐந்து மணிக்கு வேளச்சேரியில் நிற்பான்? பத்து வயசில் தொடங்காதவன் பதினெட்டில் சர்வதேசப் போட்டிக்குப் போக முடியாது. ஆகவே அவன் தோற்பது போட்டியில் இல்லை. பிறந்த ஊரிலேயே தோற்கடிக்கப்பட்டு விடுகிறான்.

அதனால் நான் கேட்பது இது. 2024இல் தமிழ்நாடு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு என்று தனிச் சட்டம் போட்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்த மாநிலத்தில் ஐந்தில் ஒருத்தர் பட்டியல் சாதி. அந்தப் பணம் நமக்காக ஒதுக்குகிற பணம், எவனும் போடுகிற பிச்சை இல்லை. அதில் தாலுகாவுக்கு ஒரு 25 மீட்டர் குளம் கட்டு. ஆதிதிராவிடர் நல விடுதிக்குப் பக்கத்தில் கட்டு, ஊர்த்தெருவுக்குப் பக்கத்தில் கட்டி எங்களைச் சுற்றிவரச் சொல்லாதே. விடுதிப் பிள்ளைகளுக்குக் காலை நேரம் இலவசம் என்று அரசாணை போடு. பிள்ளைக்கு முட்டையும் பாலும் கொடு. ஏரியில் பிணம் எடுக்க ஓடுகிற நம்ம இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, உயிர்காப்பாளர் வேலையை நிரந்தரச் சம்பளத்தில் கொடு. அரசு பணத்தில் நடக்கிற ஒவ்வொரு நீச்சல் குளத்திலும் யார் யார் பயிற்சி பெறுகிறார்கள் என்று சாதிவாரிக் கணக்கு வெளியிடு. கணக்கைப் பார்த்து வெட்கப்படுகிறவன் வெட்கப்படட்டும்.

அந்தக் குளம் கட்டினால் ஊர்த்தெருப் பிள்ளையும் வரட்டும். நாங்கள் துணியை எடுத்து ஒளித்துவைக்க மாட்டோம், கல்லெறிய மாட்டோம். வந்து எங்க பிள்ளை நீந்தின அதே தண்ணீரில் இறங்கி, பக்கத்து லேனில் நீந்தி ஜெயித்துக் காட்டட்டும். அதற்குப் பிறகு நூறில் ஒரு விநாடியில் தோற்றாலும் எங்களுக்குச் சம்மதம்.